கதவின் கனம்

தம்பி வாளியில் துப்பும் சத்தம் ஷெட்டின் மறுகோடி வரை கேட்டது. சூயிங்கத்தை வாயில் அடக்கி மெல்லுவான், எச்சில் ஊறும், ஊறியதை ஒரு சொட்டுகூட விழுங்காமல் வாளிக்குள் விடுவான். எடை மேடையில் ஏறும் நேரம் நெருங்கிவிட்டால் அவனுக்கு இதுதான் உத்தியோகம். எச்சிலுக்கும் கனம் உண்டு என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, அக்கா புருஷன் மாமாதான் சொன்னார்.

அக்கா கையிலிருந்த உருளையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஷெட்டில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூடப்பிறந்தவன் என்று பார்த்தால் அந்த வாளிக்காரன் ஒருவன்தான். அவர்கள் கட்டிக்கொண்டிருந்த பறக்கும் காரின் உடம்பு முழுக்க அவள் கைவேலை. அச்சின்மேல் கண்ணாடி நார்த் துணியை விரித்து, ரெசின் பூசி, காற்றுக் குமிழி நிற்காமல் உருட்டி, இறுகியதும் உரித்தெடுக்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடியில் வருஷக்கணக்காக நின்றவள். மூலையில் எலி செத்துக் கிடந்தால்கூட ஆண்பிள்ளைகள் ஓடுவார்கள், அவள்தான் அள்ளிப் போடுவாள். ஆனால் நூலாக இறங்கி நுரைத்து நிற்கும் அந்த எச்சிலை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை.

"வாளியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வெச்சுக்கயேன்டா," என்றாள்.

"உன் ரெசினை விடவா நாறுது?" என்றான் தம்பி. பேச்சோடு பேச்சாக இன்னொரு முறை துப்பினான்.

சாயங்காலம் எடை பார்ப்பது அந்த ஷெட்டில் தீபாராதனை மாதிரி. விளக்கைப் போட்டதும் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு மேடையைச் சுற்றி வந்து நிற்பார்கள். அன்றைக்குக் காரில் பூட்டப்போகும் சாமானை எல்லாம் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்குவார்கள். நட்டு, கம்பி, விளக்கு, எது கூடினாலும் கொண்டுவந்தவனுக்குத் திட்டு விழும். அதைக் குறித்துக்கொள்ளும் இன்ஜினியருக்குத் தராசு என்று பட்டப்பெயர். அவனும் அதற்கு ஏற்றாற்போல எந்தப் பக்கமும் சாயாமல், யார் பேசினாலும் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பவன். எல்லாச் சாமானும் முடிந்த பிறகு, கடைசிச் சாமானாகத் தம்பி ஏறுவான்.

அன்றைக்கும் ஏறினான். இடுப்பில் ஒரு அரைக்கால் சட்டை, அவ்வளவுதான். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். அக்காவின் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் அவன் இடுப்புச் சதையை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். சந்தையில் ஆடு வாங்குகிறவன் இழுப்பானே, அப்படி.

"என்ன மாப்ளே, இன்னும் கையில சிக்குதே?"

"அது தோலு மாமா."

"தோலுக்கும் கனம் இருக்குல்ல," என்றார் வீட்டுக்காரர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கிற மாதிரி ஏதாவது சொன்னால் சிரித்துவிடுவது அங்கே சம்பளத்தோடு சேர்ந்த வேலை.

தராசு, மேடையின் முள்ளைப் பார்த்துத் தலையாட்டினான். தம்பி மேடையிலிருந்து ஒரு காலை எடுத்துத் தரையில் வைத்தவன், மற்றக் காலை எடுக்கவில்லை. கண் மேலே செருகியது. கை காற்றில் எதையோ தேடி, பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டது. உதடு வெளுத்துப்போயிருந்தது.

"என்ன மாப்ளே, தரையிலேயே பறக்கறியா?" என்றார் வீட்டுக்காரர். மறுபடி சிரிப்பு.

அக்கா சிரிக்கவில்லை. சனிக்கிழமை, தொழிலுக்குப் பணம் போடுகிறவர்கள் வரப்போகிறார்கள். அவர்கள் கண்முன்னால் இவன் அந்தக் காருக்குள் உட்கார்ந்து ஷெட்டின் கூரை உயரத்துக்கு எழும்ப வேண்டும். கயிறு கிடையாது. தூணைப் பிடித்த அந்தக் கை அங்கே எதைப் பிடிக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது அவள் செய்த கதவிலிருந்து ஆரம்பித்தது.

வீட்டுக்காரர் பழைய கார் வாங்கி விற்றவர். அந்தத் தொழிலில் அவர் கண்டுபிடித்த ரகசியம் ஒன்றே ஒன்று. கார் பார்க்க வருகிறவன் எஞ்சினைப் பார்ப்பதுபோலக் குனிவான், டயரை உதைப்பான், அதெல்லாம் சும்மா. கதவைத் திறந்து மூடுவானே, அந்தச் சத்தத்தில்தான் அவன் மனசு விழும். 'டப்' என்று விழுந்தால் வாங்குவான். 'டக்' என்று விழுந்தால், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போய்விடுவான். இந்த ஒரு ஞானத்தை வைத்துக்கொண்டு வீடு கட்டினார், ஷெட் போட்டார், இப்போது ஆகாயத்துக்கும் போக ஆசைப்பட்டார்.

பறக்கும் காருக்கு அக்கா செய்த கதவு அப்பளம் மாதிரி இருந்தது. ஒரு விரலில் தூக்கலாம். தராசுக்கு வாயெல்லாம் பல். அப்போது வீட்டுக்காரர் வந்தார், கதவை மாட்டச் சொன்னார், மூடிப் பார்த்தார். 'டக்.' சோப்பு டப்பாவை மூடின மாதிரி.

"இதுக்குப் பேரு காரா?" என்றார். "இதைக் கேட்டா எவன் காசு போடுவான்?"

மறுநாள் கதவுகளின் உள்பக்கத்தில் தார் ஷீட்டை வெட்டி வெட்டி ஒட்டச் சொன்னார். கறுப்பாக, கொழகொழவென்று, வெயிலில் உருகின ரோடு மாதிரி நாற்றம் அடித்தது. அதன்மேல் தோல் உறை. வெளியே ஒன்றும் தெரியாது. மூடினால் 'டப்'. வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை மறுபடி மறுபடி கேட்டார், உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். கட்டின மனைவியாக இருந்தாலும் அந்த நேரத்தில் அந்த நாக்கைப் பார்க்க அக்காவுக்குச் சகிக்கவில்லை.

கதவு கனத்தது. கார் கனத்தது. விசிறிகள் இவ்வளவைத் தூக்காது என்று தராசு மென்று விழுங்கிச் சொன்னான். வீட்டுக்காரர் சுற்றும்முற்றும் பார்த்தார். பேட்டரியைக் குறைக்க முடியாது. விசிறியைக் குறைக்க முடியாது. தோல் உறையைத் தொட விடமாட்டார். அவர் பார்வை சுற்றிச் சுற்றி வந்து மச்சினன்மேல் நின்றது.

"வண்டில குறைக்க இனிமே ஒண்ணுமில்ல மாப்ளே. நீதான் பாக்கி."

தம்பி சரி என்றான். சரி என்றுதான் சொல்வான். முன்பு கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். காருக்கு உடம்பே வராமல் வெறும் சட்டமாக இருந்தபோது, நாலு மூலையிலும் கயிறு கட்டி அதை முதலில் எழுப்பியவன் அவன்தான். ஆள் உயரத்தில் அசையாமல் நிறுத்திவிட்டு, பாத்திரத்தைத் தரையில் வைப்பதுபோல இறக்கினான். இறங்கிவந்தபோது அவன் முகத்தை அக்கா பார்த்திருக்கிறாள். வேறு யாராவது அந்தச் சீட்டில் உட்காருவதைவிடப் பட்டினி கிடப்பது அவனுக்குப் பெரிய விஷயமில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் வீட்டுக்காரரும் கேட்டார்.

அன்றிலிருந்து உப்பில்லாத வேகவைத்த காய்கறி. அக்காவே வேகவைத்தாள். ஒரு வாரம் பத்து நாள் கூத்து, முடிந்துவிடும் என்று நினைத்திருந்தாள். முடியவில்லை.

எடை மேடையில் கண் செருகின மறுநாள் மத்தியானம், எல்லோரும் ஷெட்டிலேயே சாப்பிட உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரர் மச்சினனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து எலும்பை உறிஞ்சினார். எலும்பு 'சுர்' என்று விசிலடித்தது. விரல் ஒவ்வொன்றாக வாய்க்குள் போய் பளபளவென்று வெளியே வந்தது.

"மோந்து பாரு மாப்ளே," என்று கிண்ணத்தை நீட்டினார். "மோந்தா எடை கூடாது."

தம்பி நிஜமாகவே குனிந்து முகர்ந்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வாயோரத்தில் எச்சில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, துடைத்ததை வீணாக்காமல் வாளியில் துப்பினான்.

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். "என்னங்க, கதவுல ஒட்டியிருக்கறதை உரிச்சுட்டா இவன் சாப்பிடலாம்ல?"

"கதவுல கை வெச்சே, அப்புறம் நான் மனுஷனா இருக்கமாட்டேன்," என்றார் அவர், எலும்பைக் கீழே வைக்காமலே.

இப்போது மட்டும் என்னவாம் என்று அவள் மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

அன்று பிற்பகல் பானெட்டைப் பொருத்தும் வேலை இருந்தது. ஓரம் சரியாக உட்காரவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம் என்று அக்கா பானெட்டைத் தூக்கிவிட்டு உள்ளே குனிந்தாள். விளக்குகளுக்குப் பின்னால், காரின் மூக்கு நுனியில், சாம்பல் நிறத்தில் இரண்டு கட்டைகள் போல்ட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தன. போன வாரம் இவை இங்கே இல்லை. தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. விரலில் கருமை ஒட்டிக்கொண்டது.

"தராசு, இங்க வா. இது என்ன?"

அவன் வந்து பார்த்துவிட்டு, வராமலே இருந்திருக்கலாம் என்பதுபோல நின்றான். "ஈயம்க்கா."

"ஈயம்னு தெரியுது. எதுக்கு இங்க உக்காந்திருக்கு?"

"மூக்குக்குக் கனம் பத்தலக்கா. தம்பி உக்கார்ற இடம் முன்பக்கம் பாருங்க. அவர் இளைக்க இளைக்க மூக்கு தூக்குது, வால் தொங்குது. அதை ஈடுகட்டணும்ல?"

காதில் விழுந்தது சரிதானா என்று ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அவன் உடம்புல இருந்து எறக்கினதை இங்க ஈயமா ஏத்தியிருக்கீங்க."

"முழுசா இல்லக்கா. பாதிதான். மூக்கு தள்ளி இருக்கறதால பாதியே போதும்." ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னான்.

"மீதிப் பாதி?"

"அது கதவுக்குச் சரியாப் போச்சு."

அக்கா பானெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உப்பில்லாத காய்கறி, தூணைப் பிடித்த கை, இடுப்பைக் கிள்ளின விரல், நுரைத்த வாளி, எல்லாம் சேர்ந்து இந்த இரண்டு சாம்பல் கட்டைகளாக அவள் முன்னால் உட்கார்ந்திருந்தன. அவன் சதையை அரிந்தெடுத்து இங்கே போல்ட்டுப் போட்டிருந்தால்கூட இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது.

தம்பியைத் தேடிப் போனாள். அவன் குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னாள்.

"தெரியும்க்கா," என்றான். "நான்தான் முறுக்கினேன்."

"என்னடா சொல்றே?"

"தராசு அளவு சொன்னாரு. நான் மாட்டினேன். கனம் எங்க இருக்கணுமோ அங்க இருக்கணும்க்கா. இல்லேன்னா வண்டி நேரா நிக்காது."

"உனக்குப் பதிலா ஈயத்தைத் தூக்குதுடா அந்த வண்டி. வெக்கமா இல்லையா உனக்கு?"

அவன் பக்கத்தில் வந்தான். பட்டினி கிடக்கும் வாயிலிருந்து ஒரு வாடை வரும், அழுகின பழத்தில் நகப்பூச்சை ஊற்றின மாதிரி. அக்கா தன்னை அறியாமல் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சொந்தத் தம்பியின் மூச்சுக்கு மூக்கைப் பொத்துகிற அளவுக்குக் கொண்டுவந்து விட்டார்களே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பொத்திய தன் மூக்கின்மேலும் ஆத்திரம் வந்தது.

"மேல போய் நேத்து மாதிரி கண்ணு செருகினா?"

"செருகாது."

"தரையிலேயே செருகுச்சே."

அவன் குழாயை மூடினான், மறுபடி திறந்தான். "நான் மாட்டேன்னு சொன்னா மாமா வேற ஆளைக் கொண்டுவந்துடுவாருக்கா. அந்த சீட்ல இன்னொருத்தன் உக்காந்தா நான் செத்துடுவேன்."

"நீ உக்காந்தாலும் அதேதான்டா நடக்கப் போவுது."

வீட்டுக்காரரிடம் கேட்டபோது அவர் கோபப்படக்கூட இல்லை. கண்ணாடி முன்னால் நின்று மீசைக்கு மை தடவிக்கொண்டிருந்தார். "கடைசி நேரத்துல எதையும் தொடக்கூடாது. எல்லாம் சரியா நிக்குதுன்னு தராசு சொல்லிட்டான். ஈயமாவது இரும்பாவது, உள்ள இருக்கறதை எவன் பாக்கப் போறான்? அவங்க வந்துட்டுப் போகட்டும். அப்புறம் உன் தம்பிக்கு நானே ஊட்டி விடறேன், போதுமா?"

மை வழிந்து உதட்டோரத்தில் ஒரு கறுப்புக் கோடு இறங்கியிருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் அக்கா ஷெட்டைத் திறந்தாள். நேராகப் பானெட்டிடம் போனாள். போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு ஈயக் கட்டைகளையும், அவற்றைத் தாங்கின இரும்புத் தகடுகளையும் சேர்த்து எடுத்தாள். எங்கே ஒளித்தாலும் தேடிவிடுவார்கள். தம்பியின் வாளி அங்கே இருந்தது. அடியில் முந்தின நாள் எச்சில் காய்ந்து படிந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கழுவினாள். கட்டைகளை உள்ளே போட்டாள். மேலே வாளி நிறைய ரெசின் ஊற்றினாள், இறுக வைக்கிற மருந்தையும் தாராளமாகக் கலந்தாள். அவ்வளவு ரெசினை ஒரே இடத்தில் ஊற்றினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே சூடேறியது, மஞ்சளாகியது, புகைந்தது, 'படக்' என்று ஒரு விரிசல் விட்டது. பிளாஸ்டிக் வாளியின் பக்கங்கள் இளகிக் கோணிக்கொண்டன. இனி அது பாறை. உள்ளே ஈயம் இருக்கிறது என்று தெரிந்தாலும் யாராலும் இன்றைக்கு எடுக்க முடியாது.

அவள் போட்ட கணக்கு இதுதான். ஈயம் இல்லையென்றால் மூக்கு தூக்கும். மூக்கு தூக்கினால் தராசு சரி என்று சொல்லமாட்டான். தராசு சொல்லாவிட்டால் தம்பி ஏறமாட்டான். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

பாதிவரை அந்தக் கணக்கு சரியாகவே போயிற்று.

தராசு வந்து பானெட்டைத் தூக்கிப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கோ போய்விட்டது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டான். அவர் பளபளக்கும் ஷூவோடும் சென்ட்டோடும் வந்து, காலி மூக்கைப் பார்த்தார், புகையும் வாளியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அப்போதுதான் தெருமுனையிலிருந்து தராசின் போனுக்குச் செய்தி வந்தது. விருந்தாளிகள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

"அந்த வாளியையே தூக்கி வெச்சா?" என்றார்.

"உள்ள நுழையாது சார். கொதிக்குது வேற."

"வேற ஏதாவது இரும்பு?"

"மாட்டறதுக்குத் தகடு இல்ல சார். கட்டாம வெச்சா உள்ள உருளும். உருண்டா கவுந்துடும்."

வீட்டுக்காரர் சுற்றும்முற்றும் பார்த்தார். அந்தப் பார்வையை அக்கா அறிவாள். கூட்டவும் குறைக்கவும் தோதான சாமான் அந்த ஷெட்டில் ஒன்றுதான் இருந்தது.

"சீட்ல கனம் ஏறினா?" என்றார் மெதுவாக.

தராசு யோசித்தான். "ஏறினா மூக்கு எறங்கும் சார். முழுசா வேணாம், பாதி வந்தாக்கூட மீதியை மோட்டார் சமாளிச்சுடும்."

"மாப்ளே," என்றார் வீட்டுக்காரர். "இங்க வா. சாப்பிடு."

விருந்தாளிகளுக்காக வாங்கி வைத்திருந்ததெல்லாம் சாமான் அறையில் இருந்தது. ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம், தண்ணீர் பாட்டில்கள். வீட்டுக்காரர் தன் கையாலேயே உரித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்போல ஊட்டினார்.

"மெல்லாத மாப்ளே, நேரமில்ல. முழுங்கு. தண்ணியக் குடி. தண்ணிதான் கனம்."

தம்பி விழுங்கினான். ஆரம்பத்தில் ஆசையாகத்தான் விழுங்கினான், அதைப் பார்ப்பதுதான் அக்காவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. முட்டையின் மஞ்சள் மாவு உதட்டில் அப்பிக்கொண்டது. வீட்டுக்காரர் அவன் தலையைப் பின்னால் சாய்த்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி பாட்டிலை வாயில் கவிழ்த்தார். வழிந்ததைப் பார்த்து "சிந்தாதே, சிந்தாதே" என்று கண்டித்தார். நடுவில் ஒரு முறை எடை மேடையில் ஏற்றினார்கள். தராசு தலையாட்டி, இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினான்.

"விடுங்க அவனை," என்றாள் அக்கா. கணவரின் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கையில் வாழைப்பழமும் எச்சிலும் வழுக்கின. பிடி நிற்கவில்லை. "டேய், துப்புடா. இத்தனை நாளா துப்பத் தெரிஞ்சுதே, இப்போ துப்புடா."

தம்பி வாயில் அடைத்திருந்ததோடு தலையை அசைத்தான். மாட்டேன் என்பதுபோல இருந்தது.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

மூன்று பேர் இறங்கினார்கள். பஞ்சுபோன்ற கைகள், வாசனைக் கைக்குட்டைகள். வீட்டுக்காரர் ஒரு நொடியில் கையைத் துடைத்துக்கொண்டு வேறு மனுஷனாகிவிட்டார். காரைச் சுற்றிக் காட்டினார். தம்பியை உள்ளே உட்கார வைத்து, அவர்கள் பார்க்கும்படி பெல்ட்டை இழுத்து இறுக்கினார். பெல்ட் நேராக வயிற்றின்மேல் விழுந்தது. தம்பியின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. இரண்டு கையும் விசையைப் பிடித்திருந்தன. அந்தக் கைகள் மட்டும் நடுங்கவில்லை.

வீட்டுக்காரர் விருந்தாளிகளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் கதவை மூடினார்.

'டப்.'

அந்த அதிர்வே போதுமானதாக இருந்தது. தம்பியின் கன்னம் ஒரு முறை உப்பியது. பிறகு எல்லாம் வந்தது. கண்ணாடியில் அடித்து வழிந்தது, தோல் உறையில் பாய்ந்தது, மீட்டர்களுக்கு இடையில் இறங்கியது. மெல்லாமல் விழுங்கின முட்டை பாதி உருவத்தோடு கண்ணாடியில் ஒட்டி, மெதுவாகக் கீழே நழுவியது. மூன்று கைக்குட்டைகளும் ஒரே நேரத்தில் மூக்குக்குப் போயின.

ஷெட்டில் யாரும் அசையவில்லை. முதலாளி சிரிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அக்கா போய்க் கதவைத் திறந்தாள். அந்தக் கதவு அவள் கைக்கு இப்போதுதான் அவ்வளவு கனமாக இருந்தது. பெல்ட்டைக் கழற்றி, தம்பியின் அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்தாள். அவன் மேலெல்லாம் வழிந்தது அவள்மேலும் வழிந்தது. இந்தத் தடவை அவள் மூக்கைப் பொத்தவில்லை.

"தோலு, தோலு, பாத்து," என்றார் வீட்டுக்காரர், சீட்டைப் பார்த்துக்கொண்டே. அடுத்த நொடி விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். குரலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "டிரைவருக்கு உடம்பு சரியில்ல, பாவம். வண்டிக்கு ஒண்ணுமில்ல. இப்படி வாங்க, இந்தப் பக்கக் கதவைப் பாருங்க. நீங்களே மூடிப் பாருங்க."

குழாயடியில் அக்கா தம்பியைக் கழுவிவிட்டாள், சின்னப் பிள்ளையைக் கழுவுவதுபோல. தலையில் தண்ணீர் விட்டாள், வாயைக் கொப்பளிக்கச் சொன்னாள், தன் துப்பட்டாவால் துடைத்தாள். அவன் நடுங்கிக்கொண்டே நின்றான். துப்பட்டாவை விலக்கிவிட்டு ஒன்று சொன்னான்.

"அக்கா, பசிக்குது."

இத்தனை நாளில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. அவள் அவன் கையைப் பிடித்து, பின்வாசல் வழியாகத் தெருவுக்குச் சுற்றிக் கூட்டிப்போனாள்.

எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை. மேஜையில் ஈ உட்கார்ந்திருந்தது, டம்ளர் விளிம்பில் பழைய பால் காய்ந்திருந்தது. ஷெட்டிலிருந்து வந்தவளுக்கு அது கோயில் மாதிரி சுத்தமாகத் தெரிந்தது. டீயும் இரண்டு பன்னும் வாங்கினாள். தம்பி பன்னைப் பிய்த்து, டீயில் நனைத்து, மெதுவாக மென்றான். ஒவ்வொரு வாயையும் மென்று முடித்துவிட்டுத்தான் அடுத்ததைப் பிய்த்தான்.

எதிரே 'டப்' என்று கேட்டது. கொஞ்சம் பொறுத்து, வேறொரு கை மூடினதுபோல இன்னொரு 'டப்'. பிறகு மெல்லிய கைதட்டல்.

"கதவுக்குக் கைதட்டறாங்க," என்றாள் அக்கா.

முதல் பன் முடிந்திருந்தது.

தராசு தெருவைக் கடந்து வந்தான். மேஜைக்கு அருகில் வந்து, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் டம்ளரைப் பார்த்துப் பேசினான். "அக்கா, அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நல்லா திடமா இருக்குன்னாங்க. அடுத்த மாசம் மறுபடி வராங்களாம், அப்போ பறக்கறதைப் பாக்கறாங்களாம்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "அந்த வாளியில இருந்து ஈயத்தை எடுக்க முடியுமான்னு சார் கேட்டுவரச் சொன்னாரு."

"சுத்தியலால உடைச்சுத்தான் எடுக்கணும். அவரையே உடைக்கச் சொல்லு. அது இவனோட எச்சி வாளி, கையோட சொல்லிடு."

தராசு தலையாட்டினான். போகவில்லை. இப்போது தம்பியின் பக்கம் திரும்பினான். "அப்புறம், சார் அங்கிருந்தே பாத்துட்டுச் சொன்னாரு. சாப்பிட்டது ஒண்ணோட போதுமாம். எடை ஏறிட்டா மறுபடி எறக்கறது கஷ்டமாம்."

அக்கா வாயைத் திறந்தாள். தம்பி அவளைப் பார்க்காமல் கையை மட்டும் தூக்கி, வேண்டாம் என்றான். எதிரே ஷெட்டின் திறந்த வாசலை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். கூரைக்குக் கீழே அந்தச் சீட்டும், விசிறிகளும், துடைப்பத்தோடு ஓடும் ஆட்களும் தெரிந்தார்கள். அவன் கண்ணில் ஈரம் இருந்தது. எதற்கு என்று அக்கா கேட்கவில்லை.

பிறகு அவன் இரண்டாவது பன்னை எடுத்தான். அதைப் பிய்க்கவில்லை, நனைக்கவில்லை. முழுசாக வாயருகே கொண்டுபோய், தராசின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பெரிதாக ஒரு கடி கடித்தான். மென்றான். விழுங்கினான்.

"அண்ணே, இன்னும் ரெண்டு," என்றான் கடைக்காரரைப் பார்த்து.

எதிரே மறுபடி 'டப்' என்று கேட்டது.